வஜ்ஜிரத்தைத் தின்ன ஓவியர்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகர், போர் நடக்கறப்ப ஓவியருங்க எல்லாம் வீட்ல என்னதான் பண்ணுவாங்கன்னு பொதுவா கேட்டிருந்தார். நானும் 1941-42 குளிர்காலத்துல ஜெர்மன் படை சுத்தி வளைச்சு வெச்சிருந்த லெனின்கிராட்ல (இன்னைக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஓவியருங்க தங்களோட வேலைக்கு வெச்சிருந்த வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சித் தின்னாங்கன்னு நாலு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் இந்த இதழுக்கே போதும்ங்கற அளவுக்கு சேர்ந்துடுச்சு. அதனால இந்தத் தடவை சினிமா கேள்வி, அரசியல் கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்.

வஜ்ஜிரத்தைத் தின்னாங்களா? சும்மா கதை விடாதீங்க சார். (வாசகர், திண்டுக்கல்)

கதை இல்லங்க, நிஜம். வஜ்ஜிரம்னா என்னன்னு இப்ப இருக்கற பசங்களுக்குத் தெரியாம இருக்கலாம், மாட்டுத் தோலு, எலும்பு, நரம்பு இதையெல்லாம் போட்டு காய்ச்சிக் காய்ச்சி எடுக்கற பசை, கட்டி கட்டியா கண்ணாடி கலர்ல இருக்கும், ஆசாரிங்க தண்ணியில ஊறப்போட்டு அடுப்புல உருக்கி மரத்தை ஒட்டுவாங்க. ஃபெவிகால் டப்பா வந்தப்புறம் அது போச்சு. ஓவியருங்களுக்கும் அது தினப்படி சாமான், கேன்வாஸ் துணியில நேரா பெயின்ட் அடிச்சா துணி எண்ணெயை உறிஞ்சிடும், அதனால முதல்ல இந்தப் பசையை ஒரு கோட்டிங் குடுத்துத்தான் ஆரம்பிப்பாங்க. அடிப்படையில பாத்தா அது ஜெலட்டின்தான். ரொம்ப நேரம் காய்ச்சி ஆற வெச்சா கிடுகிடுன்னு ஜெல்லியா நிக்கும், புரோட்டீன் இருக்கு, பசி அடங்கின மாதிரி இருக்கும், ஆனா வீச்சம் இருக்கே அது குடலைப் புரட்டும்.

அன்னா ஓஸ்ட்ரோஉமோவா-லெபெதேவான்னு ஒரு பெரிய ஓவியர், மரச்செதுக்குப் படத்துல (மரப்பலகையில செதுக்கி அச்செடுக்கறது) ரஷ்யாவுலயே முக்கியமான கை, அந்தக் குளிர்காலத்துல அவங்களுக்கு வயசு 70. (பேரு நீளமா இருக்கறதால இனிமே அன்னா அம்மான்னே எழுதறேன், வாசகர்கள் மன்னிக்கணும்.) அவங்க டைரியில இந்த வஜ்ஜிர ஜெல்லி சாப்பிட்டதை எழுதி வெச்சிருக்காங்க. சில நேரம் குமட்டிக்கிட்டு வருது, அது என் அதிகப்படி கற்பனையாலதான்னு தன்னையே ஒரு அதட்டு அதட்டிட்டு, கொஞ்சம் பட்டையோ பிரிஞ்சி இலையோ போட்டா அப்படி ஒண்ணும் மோசமில்லைன்னு முடிக்கறாங்க. எனக்கு அந்த முற்றுகை பத்தி படிச்சதுலயே ரொம்ப நாள் மனசுல நின்னது இந்த பிரிஞ்சி இலைதான். ஊரே செத்துக்கிட்டு இருக்கு, ஒரு பாட்டியம்மா பசைக்கு மசாலா சரி பாக்கறாங்க.

அன்னா அம்மா மட்டும் இல்ல. அதே ஊர்ல இருக்கற ஹெர்மிடாஜ்ங்கற பெரிய மியூசியத்துல பழைய ஓவியங்களை ரிப்பேர் பண்றதுக்குன்னு வெச்சிருந்த ஆளிவிதை எண்ணெயும் இதே வஜ்ஜிரமும் அங்க வேலை பாத்தவங்க வயித்துக்குத்தான் போச்சு. எண்ணெயில எது கிடைச்சாலும் வறுக்க வேண்டியது, பசையை ஜெல்லியாக்க வேண்டியது. ஜன்னல் கண்ணாடி குண்டு அதிர்ச்சியில சிதறாம இருக்க குறுக்கும் நெடுக்கும் காகிதம் ஒட்டியிருந்தாங்களே, சுவத்துல வால்பேப்பர் ஒட்டியிருந்தாங்களே, அதுல மாவுப்பசை இருக்குன்னு அதைக்கூட சுரண்டி எடுத்தவங்க உண்டு. எது ஸ்டூடியோ சாமான், எது சமையக்கட்டு சாமான்னு அந்த மூணு நாலு மாசம் பிரிக்கவே முடியாது.

அவ்வளவு பெரிய நகரத்துல சாப்பாடு எப்படிங்க ஒரேயடியா இல்லாமப் போகும்? ஓவியர்னா அரசாங்கம் ஸ்பெஷலா குடுத்திருக்குமே? (இல்லத்தரசி, தாம்பரம்)

1941 செப்டம்பர் 8 அன்னிக்கு தரைவழி முழுசா அடைபட்டுடுச்சு, தெற்கே ஜெர்மன் படை, வடக்கே ஃபின்லாந்து படை, கிழக்கே லடோகா ஏரி. அதே நாள்ல ஊரோட பதாயெவ் உணவுக் கிடங்குகள் மேல குண்டு விழுந்து மாவும் சர்க்கரையும் எரிஞ்சு போச்சு. (சர்க்கரை உருகி ஊறின மண்ணை தோண்டி வித்தாங்க, ஜனங்க வாங்கி தண்ணியில கரைச்சு வடிகட்டிக் குடிச்சாங்க.) உள்ள மாட்டிக்கிட்ட ஜனம் சுமார் 25 லட்சம். நவம்பர் 22-லேர்ந்து உறைஞ்ச ஏரி மேலேயே லாரி விட்டு கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வந்தாங்க, ஆனா ஆரம்பத்துல அது யானைப் பசிக்கு சோளப்பொரி.

ரேஷன் நவம்பர் 20-லேர்ந்து டிசம்பர் 25 வரைக்கும் அடிமட்டத்துக்குப் போச்சு. ஃபேக்டரி தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் ரொட்டி, ஆபீஸ் வேலை பாக்கறவங்க, வீட்ல இருக்கறவங்க, குழந்தைங்க எல்லாருக்கும் 125 கிராம். அதுவும் சுத்தமான மாவு இல்ல, பருத்திக்கொட்டை புண்ணாக்கு, மரக்கூழ்லேர்ந்து எடுத்த செல்லுலோஸ், மால்ட் மாவுன்னு கலந்து ஈரமா கனமா ஒரு துண்டு, கையில புடிச்சா உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். காலைல பல்லு விளக்கிட்டு வந்து நின்னா அதுதான் அன்னிக்கு முழு நாள் சாப்பாடு. பெயின்டிங் பிரஷ் புடிக்கற கைக்கு தனியா ஒரு கேட்டகரியும் அந்த அட்டையில கிடையாது.

ஆனா ஓவியர் சங்கம் கைவிட்டுச்சுன்னும் சொல்ல முடியாது. ஹெர்சன் தெருவுல அவங்க கட்டடம் இருந்துச்சு, அங்கயே ஒரு கேன்டீன், அப்புறம் ரொம்ப பலவீனமானவங்களைக் கொஞ்ச நாள் படுக்க வெச்சு சூடா ஏதாவது குடுத்து தேத்தி அனுப்பற சின்ன வார்டு மாதிரி ஒரு ஏற்பாடு. அங்க வரைக்கும் நடந்து போறதுக்குத் தெம்பு இருந்தா உண்டு. டிராம் டிசம்பர்லயே நின்னு போச்சு.

அந்தக் குளிர்ல எங்க உக்காந்து வரைவாங்க? பெரிய ஸ்டூடியோவை சூடு பண்ண முடியாதே அண்ணா? (கவின்கலைக் கல்லூரி மாணவி, சென்னை)

நல்ல கேள்விம்மா, படம் போடறவங்களுக்குத்தான் இது தோணும். ஸ்டூடியோன்னா உசரமான சீலிங், பெரிய கண்ணாடி ஜன்னல், வெளிச்சத்துக்குன்னு பாத்துப் பாத்து கட்டினது, அந்த வருஷம் அதுதான் எமன். வெளியில மைனஸ் 30 வரைக்கும் போற குளிர், குண்டு விழுந்து ஜன்னல் போயிருந்தா அட்டையோ பலகையோ வெச்சு அடைக்கணும், அடைச்சா வெளிச்சம் போச்சு, அடைக்கலைன்னா ஆளு போச்சு. அதனால பெரும்பாலும் எல்லாருமே ஒரே ஒரு சின்ன ரூமுக்குள்ள ஒடுங்கிட்டாங்க, மத்த ரூமை எல்லாம் சாத்திட வேண்டியது. அந்த ரூமுக்குள்ள தகர அடுப்பு, கட்டில், தண்ணி வாளி, வேலை, தூக்கம் எல்லாம்.

நம்ம அன்னா அம்மா ஆபீஸ் எங்க தெரியுமா? பாத்ரூம்! கை கழுவற பேசின் மேல டிராயிங் போர்டை குறுக்கே வெச்சு, அதுமேல மைக்கூடு, முன்னாடி இருக்கற சின்ன ஷெல்ஃப்ல ஒரு விளக்கு. ஏன் பாத்ரூம்னா உள்பக்கமா இருக்கற ரூம், வெளிச்சுவர் கிடையாது, பீரங்கிக் குண்டு விழற சத்தம் அமுங்கிக் கேக்கும், அது விசிலடிச்சுக்கிட்டு வர்ற சத்தம் அவ்வளவா காதுல விழாது. அங்க உக்காந்துதான் தன்னோட வாழ்க்கைக் குறிப்பு புஸ்தகத்தோட அடுத்த பாகத்தை எழுதினாங்க, டைரி எழுதினாங்க. இளம் வயசுல ரஷ்ய ஓவியர் ரேப்பின்கிட்ட படிச்சு, பாரிஸ் போய் அமெரிக்க ஓவியர் விஸ்லர்கிட்டயும் பாடம் கேட்ட அம்மா அவங்க. வீட்டுக்காரர் செர்கெய் லெபெதேவ், செயற்கை ரப்பர் கண்டுபுடிச்ச விஞ்ஞானி, 1934-லயே போயிட்டார்.

அந்த விளக்கைப் பத்தியும் சொல்லணும். நம்ம தள்ளுவண்டிக்காரங்க அந்தக் காலத்துல வெச்சிருந்த காடா விளக்குதான், சின்ன டப்பால எந்த எண்ணெய் கிடைக்குதோ அதை ஊத்தி ஒரு திரி. மேல கண்ணாடி கிடையாது, புகைக்கு மட்டும் குறைச்சல் கிடையாது. காலைல எழுந்தா மூக்குக்குள்ள கரி, பேப்பர் மேல கரி, மூஞ்சி பூரா கரி. வெள்ளைப் பேப்பரை வெள்ளையா வெச்சுக்கறதே ஒரு வேலை. அந்த வெளிச்சத்துல கலரும் தெரியாது, மஞ்சளும் வெள்ளையும் ஒண்ணா இருக்கும். அந்தக் குளிர்காலத்துப் படங்கள்ல கறுப்பு வெள்ளை அவ்வளவு இருக்கறதுக்கு சோகம் மட்டும் காரணம்னு நினைக்காதீங்க, இந்த விளக்கும் ஒரு காரணம்னு நான் சொல்லுவேன்.

இன்னொரு சின்ன டவுட் அண்ணா, வாட்டர்கலர் உறைஞ்சிடாதா? (அதே மாணவி)

உறையும். தண்ணி சம்பந்தப்பட்ட எல்லாமே உறையும், மையும் சேத்துத்தான். மைக்கூட்டை கோட்டுக்குள்ள வெச்சோ அடுப்புகிட்ட வெச்சோ இளக்கிக்கணும், வாட்டர்கலரை பேப்பர்ல தடவினா காயறதுக்குள்ள ஐஸ் பூ பூத்துடும். அதனால பென்சிலும் கரியும்தான் ராஜா, எங்க வேணா வேலை செய்யும், கையுறை போட்டுக்கிட்டே கிறுக்கலாம். ஆயில் பெயின்ட் கெட்டியாகிடும், அதுவும் அன்னா அம்மாவுக்கு ஆயில் பெயின்ட் வாசனையே ஆகாது, ஆஸ்துமா. இளவயசுலயே அதை விட்டுட்டுத்தான் மரச்செதுக்குக்கும் வாட்டர்கலருக்கும் வந்தாங்க.

தண்ணி, டாய்லெட் இதெல்லாம்? கேக்கக் கூடாதோ? (வாசகர், ஈரோடு)

ஏன் கேக்கக் கூடாது, வீட்டு வாழ்க்கைன்னா பாதி அதுதானே. பைப் எல்லாம் உறைஞ்சு வெடிச்சு போச்சு, டிரெய்னேஜும் அதே கதி. வாளியில போய் பின்கட்டுல பனி மேல கொட்டினாங்க, மாடியிலேர்ந்து இறங்க முடியாதவங்க படிக்கட்டுலயே கொட்டினதும் உண்டு, படியெல்லாம் ஐஸ் கட்டி நின்னுச்சு. அதுல வாளித் தண்ணியோட ஏறணும். தண்ணிக்கு நேவா ஆறுதான். ஐஸை உடைச்சு ஓட்டை போட்டு வெச்சிருப்பாங்க, குப்புறப் படுத்தோ முட்டி போட்டோ மொண்டு எடுக்கணும், எடுத்த தண்ணி சிந்திச் சிந்தி ஓட்டையைச் சுத்தி வழுக்குப் பாறை, கை நழுவி குடம் உள்ள போனா அவ்வளவுதான். கொண்டு வர்றதுக்கு குழந்தைங்க பனியில விளையாடற சறுக்கு வண்டி. அதே வண்டியிலதான் விறகு, அதுலதான் நடக்க முடியாத நோயாளி, அதுலதான் துணி சுத்தின பொணமும்.

அலெக்ஸெய் பகோமோவ்னு ஒரு ஓவியர், போருக்கு முன்னாடி குழந்தைங்க புஸ்தகத்துக்கு அழகழகா படம் போட்டுக்கிட்டு இருந்தவர். அவர் 1942-ல ஆரம்பிச்ச லித்தோகிராஃப் (கல்லுல வரைஞ்சு அச்செடுக்கற படம்) வரிசை ஒண்ணு இருக்கு, முற்றுகை நாட்கள்ல லெனின்கிராட்னு, அதுல 'நேவாவுக்குத் தண்ணிக்கு'ன்னு ஒரு படம். அதுல பீரங்கி இல்ல, கொடி இல்ல, தண்ணி எடுக்கற ஜனங்கதான். போர் ஓவியம்னா குதிரை மேல தளபதின்னு நினைக்கறவங்க ஒரு தடவை அதைப் பாக்கணும். குழந்தைங்க படம் போட்டுப் பழகின கை ஆனதால சின்னப் பொண்ணுங்க பெரிய கோட்டுக்குள்ள எப்படி நிப்பாங்கன்னு அவருக்கு கரெக்டா தெரிஞ்சிருக்கு.

குளிர்ல விறகுக்கு என்ன பண்ணாங்க? படத்தோட ஃப்ரேமையே எரிச்சிருப்பாங்களே. (வாசகர், நாகர்கோவில்)

அந்த தகர அடுப்புக்கு ரஷ்யாவுல 'புர்ஜுய்கா'ன்னு பேரு, குழாயை ஜன்னல் வழியா வெளியில விட்டுடுவாங்க. நெருப்பு இருக்கறவரைக்கும் பக்கத்துல உக்காந்தவனுக்கு மூஞ்சி வேகும், முதுகு உறையும், அணைஞ்சு அரை மணியில ரூம் பழையபடி ஆயிடும். நாற்காலி, அலமாரி, தரையில பதிச்ச மரப்பலகை, புஸ்தகம்னு எல்லாம் அதுக்குள்ள போச்சு. புஸ்தகத்துல எது முதல்லங்கறதுல ஒவ்வொரு வீட்லயும் ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கும்.

ஃப்ரேம் விஷயத்துக்கு ஹெர்மிடாஜைத்தான் சொல்லணும். போர் ஆரம்பிச்ச உடனே ஜூலையில ரெண்டு ரயில் நிறைய பத்து லட்சத்துக்கும் மேல பொருட்களை உரால் பக்கம் ஸ்வெர்ட்லோவ்ஸ்குக்கு அனுப்பிட்டாங்க, ஓவியத்தைக் கழட்டி எடுத்துட்டு ஃப்ரேமை மட்டும் அதது இருந்த சுவத்துலயே மாட்டி வெச்சாங்க, திரும்பி வந்தா எது எங்கன்னு தேட வேண்டாம்னு. பொன்முலாம் பூசின காய்ஞ்ச மரம், கீழ குண்டுக்கு ஒதுங்கற நிலவறை ஷெல்டர்ல ஒரு கட்டத்துல கிட்டத்தட்ட 2,000 பேர் குடியிருந்தாங்க, ஆனாலும் ஃப்ரேம் சுவத்துலயே இருந்துச்சு. 1942 வசந்தத்துல பனி ஒழுகி ஹால் எல்லாம் தண்ணி நின்னப்ப மணல் வாரி சுத்தம் பண்ண வந்த சிப்பாய் பசங்களுக்கு பாவெல் குப்செவ்ஸ்கின்னு ஒரு வழிகாட்டி அந்த காலி ஃப்ரேம் முன்னாடி நின்னு இதுல ரெம்ப்ராண்ட், இதுல இன்ன படம்னு மனப்பாடமா வர்ணிச்சு சுத்திக் காட்டினார்.

அந்த நிலவறை ஷெல்டர்ல குடியிருந்தவர்ல அலெக்சாண்டர் நிகோல்ஸ்கின்னு ஒரு ஆர்க்கிடெக்ட். அவர் தினமும் ஷெல்டரை ஸ்கெட்ச் பண்ணுவார், டைரி எழுதுவார், அதோட நிக்காம போர்ல ஜெயிச்சு வர்ற படைக்கு எங்க எப்படி வெற்றி வளைவு கட்டலாம்னு டிசைன் போட்டுக்கிட்டு இருந்தார். 1941 டிசம்பர்ல! பக்கத்துப் படுக்கைக்காரர் எப்ப சாவார்னு தெரியாத நேரத்துல. பைத்தியக்காரத்தனம்னு சொல்லலாம், ஆனா ஆர்க்கிடெக்ட் கையில பென்சில் இருந்தா கட்டடம்தானே போடுவார், வேற என்ன போடுவார்?

நாங்க சின்ன வயசுல சோவியத் கதைப் புஸ்தகம் படிச்சு வளந்தவங்க. அந்த மாதிரி படம் போட்டவங்க யாராவது இதுல மாட்டினாங்களா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவில்பட்டி)

மாட்டினாங்க ஐயா, உங்களுக்கு இதைச் சொல்ல எனக்கே சங்கடமா இருக்கு. ரஷ்ய நாட்டுப்புறக் கதைப் படம்னாலே கண்ணு முன்னாடி வர்ற ஒரு ஸ்டைல் இருக்கே, தடிச்ச கறுப்பு கோடு, உள்ள தட்டையா நிறம், சுத்தி பூவேலை பார்டர், பாபா யாகாங்கற சூனியக்காரக் கிழவி, நெருப்புப் பறவை, அதை உருவாக்கினவர் இவான் பிலிபின். புரட்சிக்கப்புறம் எகிப்து, பாரிஸ்னு சுத்திட்டு 1936-ல சொந்த ஊர் வந்தார். முற்றுகை வந்தப்ப கிளம்புங்கன்னு சொன்னாங்க, மாட்டேன்னுட்டார். வீடு குண்டுல அடிபட்டப்புறம் ஓவிய அகாதமியோட நிலவறையில போய் படுத்துக்கிட்டார். அங்கயும் 'டியூக் ஸ்டெபானோவிச்'ங்கற வீரகாவியத்துக்கு படம் போடற வேலை கையில இருந்துச்சு. முடியல. 1942 பிப்ரவரி 7 அன்னிக்குப் போயிட்டார், வயசு 65. அகாதமி ஆசிரியருங்க கூட ஒரே குழியில புதைச்சாங்க.

டியூக் ஸ்டெபானோவிச் கதை என்னன்னா, இந்தியாவுலேர்ந்து வர்ற ஒரு பெரும் பணக்கார இளைஞன் கீவ் நகரத்துக்குப் போய் உங்க ஊர் சாப்பாடு சரியில்ல, எங்க ஊர் ரொட்டி ஒண்ணு தின்னா இன்னொண்ணு கேக்கும்னு ராஜா விருந்துலயே குறை சொல்லுவான். அதுக்கு படம் போட்டுக்கிட்டே ஒருத்தர் பட்டினியில செத்தார், இதை யாராவது கதையா எழுதினா செயற்கையா இருக்குன்னு நானே சொல்லியிருப்பேன்.

கலை உயிரைக் காப்பாத்தும்னு சொல்றாங்களே, அங்க காப்பாத்துச்சா? (வாசகர், புதுச்சேரி)

காப்பாத்தினதுக்கும் ஆள் இருக்கு, காப்பாத்தாததுக்கும் ஆள் இருக்கு, அதனால யாராவது மேடையில இதைச் சொன்னா கை தட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க.

பாவெல் ஃபிலோனோவை எடுத்துக்கோங்க. ரஷ்ய நவீன ஓவியத்துல அவர் இடம் பெரிசு, ஆனா உயிரோட இருந்தப்ப அதிகாரத்துல இருந்தவங்களுக்கு அவரைப் புடிக்காது, 1929-ல ரஷ்ய மியூசியத்துல அவருக்குன்னு ஏற்பாடு பண்ணி மாட்டி வெச்ச கண்காட்சியையே பொதுமக்களுக்குத் திறக்க விடல. தன் படத்தை விக்கவும் மாட்டார், எல்லாம் சேத்து ஒரு மியூசியமா நாட்டுக்குக் குடுக்கணும்னு ஒரு பிடிவாதம். ரொட்டியும் டீயும்தான் வருஷக்கணக்கா சாப்பாடு. அப்படி உடம்பை ஏற்கெனவே காய வெச்சவருக்கு முற்றுகை வந்துச்சு. கூரையில தீக்குண்டு விழுந்தா அணைக்கறதுக்கு ஒவ்வொரு வீட்லயும் மொட்டைமாடி பரண்ல காவல் இருப்பாங்க. இவரும் ராத்திரி ராத்திரி அந்தக் குளிர்ல போய் உக்காந்துடுவார், வீடு எரிஞ்சா படங்கள் எரிஞ்சிடுமேன்னு. 1941 டிசம்பர் 3 போயிட்டார், 58 வயசு. முற்றுகையோட மோசமான மாசங்கள் அப்பத்தான் ஆரம்பிக்குது. மனைவியும் 1942-ல போயிட்டாங்க. தங்கச்சி எவ்தோகியா க்ளேபவா அந்தப் பட்டினியிலயும் படங்களை எல்லாம் ரஷ்ய மியூசியத்துல பாதுகாப்புக்குக் கொண்டு சேத்தாங்க, பிற்பாடு 1977-ல அதே மியூசியத்துக்கு தானமாவே குடுத்துட்டாங்க. படம் பிழைச்சுது, ஆள் பிழைக்கல.

இந்தப் பக்கம் யெலேனா மார்ட்டிலா. 18 வயசு, ஓவியப் பள்ளி மாணவி. ஒரு ராத்திரி உடம்பு ஓஞ்சு போய், இப்ப தூங்கினா காலைல எழுந்திருக்க மாட்டோம்னு அந்தப் பொண்ணுக்கே தெரிஞ்சு போச்சு. சரி, சாகறதுன்னா ஓவியராவே, கையில பிரஷ்ஷோட சாவோம்னு கண்ணாடியைப் பாத்து தன் மூஞ்சியையே வரைய உக்காந்துட்டா. விடிஞ்சப்ப உயிரோட இருந்தா. அப்புறம் 2022 வரைக்கும் இருந்தாங்க. இதுக்கு மேல இதுல நான் தத்துவம் எதுவும் ஏத்த விரும்பல, முழிச்சு உக்காந்திருந்ததும் வேலையில கவனம் இருந்ததும் கூட காரணமா இருக்கலாம், அதிர்ஷ்டமும் இருக்கலாம்.

அரசாங்கம் சொன்ன போஸ்டர் மட்டும்தானா, இல்ல சொந்தமா ஏதாவது போட முடிஞ்சுதா? (பத்திரிகை மாணவர், திருச்சி)

ரெண்டும். 'சண்டைப் பென்சில்'னு ஒரு குழு, 1939-ல ஃபின்லாந்து கூட நடந்த குளிர்காலப் போர்லயே ஆரம்பிச்சது, 1941 ஜூன்ல மறுபடி கிளம்பிச்சு. கேலிப்படம், அடியில நாலு வரிப் பாட்டு, சுவத்துல ஒட்டறதுக்கு. அது சம்பளம் வர்ற வேலை. சொந்தமா வரையறதுல ஒரு சிக்கல் இருந்துச்சு, தெருவுல நின்னு ஸ்கெட்ச் போட அனுமதிச் சீட்டு வேணும், இல்லைன்னா உளவாளின்னு புடிச்சுட்டுப் போயிடுவாங்க. பசியில இருக்கற ஜனங்களுக்கும் யாராவது நின்னு குறிப்பெடுத்தா சந்தேகம்தான். அதனால நிறைய படம் வீட்டுக்குள்ள உக்காந்து ஞாபகத்துலேர்ந்து போட்டதுதான்.

1942 ஜனவரி 2 அன்னிக்கு ஓவியர் சங்கக் கட்டடத்துல கண்காட்சியே திறந்தாங்க, ஹாலுக்குள்ள ஹீட்டிங் கிடையாது, வந்தவங்க கோட்டும் தொப்பியும் போட்டபடியே பாத்தாங்க. படத்தை வீட்லேர்ந்து தூக்கிட்டு வரணுமே, அதுவும் சறுக்கு வண்டிதான். ரொட்டி ரேஷன் 125-லேர்ந்து 200 ஆகி அப்ப ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு.

வெளியுலகத்தோட தொடர்பே இல்லையா? (வாசகி, சேலம்)

வீட்ல ஒயர் வழியா வர்ற ரேடியோ பெட்டி இருக்கும், பேச ஒண்ணும் இல்லாதப்ப மெட்ரோனோம் (பாட்டுக்குத் தாளம் அடிக்கற கருவி) டிக் டிக்னு ஓடிக்கிட்டே இருக்கும், மெதுவா அடிச்சா பயமில்ல, வேகமா அடிச்சா குண்டு வருதுன்னு அர்த்தம். தூக்கத்துலயும் காது அதுலதான்.

அன்னா அம்மாவுக்கு ஒரு வெளிநாட்டு வேலையும் வந்துச்சு. ஸ்காட்லாந்துல ஏர்ட்ரி, கோட்பிரிட்ஜ்னு ரெண்டு ஊர் பெண்கள் லெனின்கிராட் பெண்களுக்கு ஆறுதலா கையெழுத்து, கடிதம் எல்லாம் தொகுத்து ஒரு ஆல்பம் அனுப்பினாங்க. அதுக்கு பதிலா 1942-ல லெனின்கிராட் பெண்கள் ஒரு ஆல்பம் தயார் பண்ணாங்க, அதுக்கு படம் போட்டவங்கள்ல அன்னா அம்மாவும், வேரா மிலியூதினாவும் உண்டு. மிலியூதினாதான் அந்த வசந்தத்துல குண்டடிபட்ட ஹெர்மிடாஜ் ஹால்களை ஒண்ணொண்ணா வரைஞ்சு வெச்சவங்க. ஸ்காட்லாந்துக்காரங்களுக்கு ஒப்பாரி வெச்சு அனுப்பக் கூடாது, கௌரவமா இருக்கணும்னு பாத்திருக்காங்கங்கறது அந்த அலங்காரத்துலயே தெரியுது. அது இன்னைக்கும் கிளாஸ்கோ மிட்செல் நூலகத்துல இருக்கு.

வயசானவங்க ஏன் முன்னாடியே ஊரை விட்டுப் போகல? (வாசகர், காரைக்குடி)

70 வயசுல உங்க வீட்டுப் பெரியவங்களை ஒரு பெட்டியோட நாளைக்கே கிளம்புங்கன்னு சொல்லிப் பாருங்க, பதில் தெரிஞ்சிடும். அன்னா அம்மா வாழ்நாள் பூரா செதுக்கினதே அந்த ஊரோட பாலம், ஆறு, மணிக்கூண்டுதான். போனவங்க எல்லாரும் பிழைச்சுட்டாங்கன்னும் இல்ல. நிகோலாய் திர்சான்னு ஒரு நல்ல ஓவியர், ஜனவரி கடைசியில வெளிய கொண்டு போனாங்க, வோலோக்தாங்கற ஊர் வரைக்கும் போய் பிப்ரவரியில இறந்துட்டார். பட்டினி ஒரு அளவைத் தாண்டினப்புறம் சாப்பாடு கிடைச்சாலும் உடம்பு ஏத்துக்காது.

இந்தப் படங்கள் எதையும் நான் பாத்ததே இல்லையே, ஏன்? எங்க பாக்கலாம்? (வாசகர், மதுரை)

பாக்காததுக்குக் காரணம் இருக்கு. போர் முடிஞ்சதும் லெனின்கிராட்ல முற்றுகைக்குன்னே ஒரு மியூசியம் அமோகமா நடந்துச்சு. 1949-ல ஸ்டாலின் அரசாங்கம் லெனின்கிராட் தலைவர்கள் மேல கேஸ் போட்டு பலரை சுட்டுத் தள்ளினப்ப, அந்த மியூசியத்தையும் மூடிட்டாங்க, அப்புறம் கலைச்சே விட்டாங்க, சேகரிச்ச பொருள் நிறைய அழிஞ்சு போச்சு. ஊர் தனியா போராடி ஜெயிச்சுதுங்கற மாதிரி தெரிஞ்சது மேலிடத்துக்கு ரசிக்கல. பட்டினியில வீங்கின மூஞ்சி, சறுக்கு வண்டியில பொணம், இதெல்லாம் ரொம்ப சோர்வான படம்னு ஓரம் கட்டிட்டாங்க. பகோமோவ் மாதிரி கொஞ்சம் நிமிர்ந்து நிக்கற படம் போட்டவங்களுக்கு 1946-ல பரிசு கிடைச்சுது, மார்ட்டிலா மாதிரி ஆளுங்க படத்தைப் பத்திரமா உள்ள வெச்சுக்கிட்டாங்க. மியூசியம் மறுபடி திறந்தது 1989-ல.

இப்ப தேடறது சுலபம். பகோமோவ் பேரோட லெனின்கிராட் லித்தோகிராஃப்னு போட்டுப் பாருங்க, மார்ட்டிலா பேரைப் போட்டா அந்த ராத்திரி வரைஞ்ச தன்படம் வரும், நிகோல்ஸ்கி ஹெர்மிடாஜ்னு போட்டா ஷெல்டர் ஸ்கெட்ச். ரஷ்ய எழுத்துல பேரை காப்பி பண்ணி போட்டீங்கன்னா இன்னும் நிறைய வரும். ஆனா கூட வர்ற கலர் ஃபோட்டோ எல்லாத்தையும் நம்பிடாதீங்க, பாதி இப்ப கம்ப்யூட்டர்ல கலர் ஏத்தினது. பிலிபின் பேரைத் தேடினா குழந்தைக் கதைப் படங்கள்தான் வரும், அதையும் பாருங்க, கோவில்பட்டி ஐயாவுக்கு அனுப்பி வைங்க.